17 சென்டிமீட்டர் கூடுதல் நீளம்: வடசென்னை ரேஞ்ச் ஒன்றில் நடந்தது

## பின்னணி

ராயபுரத்தில், ஒரு காலத்தில் அரிசி மூட்டை அடுக்கிய கிடங்கின் இரண்டாம் மாடியில் எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் இருக்கிறது. 10 மீட்டர் தூரம், ஆறு லேன். கீழே லாரியில் லோடு இறக்கும் சத்தம், மேலே பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு தகட்டில் விழும் சத்தம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாக்ஸிங், கேரம், கால்பந்து எல்லாம் தெரு முனையிலேயே கிடைத்துவிடும். ரைஃபிள் அப்படி இல்லை, யாராவது கையைப் பிடித்து மாடி ஏற்றிவிட வேண்டும். நான் இங்கே துணைப் பயிற்சியாளர். துப்பாக்கிகளின் பராமரிப்பும் என் பொறுப்பு. அதனால் கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

சம்பந்தப்பட்ட மாணவிக்கு அப்போது 15 வயது. உயரம் 150 செ.மீ., எடை 43 கிலோ. பள்ளி என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைப் படுத்துக்கொண்டு சுட்டபோது ஐந்து தோட்டாவும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் விழுந்திருக்கின்றன. அதைப் பார்த்த ஆசிரியைதான் எங்களிடம் அனுப்பிவைத்தார். அப்பா கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து தருவதுதான் முக்கிய வேலை.

முதல் எட்டு மாதம் ரேஞ்சின் பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பழகினாள். அதன் பிறகு அப்பா நகையை அடகு வைத்து, போட்டியை விட்டு விலகிய ஒருவரிடமிருந்து அழுத்தக் காற்றில் இயங்கும் வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிவந்தார். பேரல், அதாவது குழல், 420 மி.மீ. பெல்லட் ஏற்றிச் சுடும் இயங்கு பகுதியின் பின் நுனியிலிருந்து குழலின் வாய் வரை 700 மி.மீ. குறி பார்க்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 650 மி.மீ. மொத்த எடை 4.7 கிலோ. இந்த நான்கு எண்களும் கடைசி வரை திரும்பத் திரும்ப வரும்.

4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்போகாத ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. மேட்ச் ரைஃபிள் 7, 8 ஜூலோடு நின்றுவிடும். ஆனாலும் லேத் வைத்திருப்பவரின் கையில் ஒரு ரைஃபிள் போகிறதே என்று, பேரலையும் காற்று ரெகுலேட்டரையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். அவரும் தொடவில்லை.

## கேள்வி வந்த விதம்

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கூட்டிப்போக வந்தவர் பக்கத்து லேனில் இருந்த ரைஃபிளையும் மகளுடையதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா மாஸ்டர், நம்ம பொண்ணுது மட்டும் குட்டையா கீது? குழா நீட்டா இருந்தா தானே குறி நேரா போவும்?”

அவர் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்க வேட்டைக்காரர்களுடையவை. 24 அங்குலம், 26 அங்குலம் என்று அவர்கள் பேரல் நீளத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, நீளம் கூடினால் எல்லாம் கூடும் என்று மனதில் பதிந்துவிட்டது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு விளையாட்டுக்காக வேட்டையாடும் பேச்சே இல்லை. அந்த ரைஃபிள்களையும் அந்தத் தோட்டாக்களையும் இங்கே யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. கணக்கு மட்டும் வீடியோவில் ஏறி வந்துவிடுகிறது.

கேள்வி தப்பில்லை. பக்கத்து லேன் ரைஃபிளில் முன் சைட் உண்மையிலேயே இன்னும் தள்ளித்தான் இருந்தது. “நீளம் நல்லதுதாண்ணே” என்றேன். அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன், அதுதான் முதல் பிழை. எதற்கு நல்லது, எவ்வளவுக்கு நல்லது, யாருக்கு நல்லது என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

## நீளம் என்ன தரும்

அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். மற்றவை புரிய இது வேண்டும்.

நீளமான பேரல் தருவதில் முதலாவது வேகம். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு தோட்டாவைத் தள்ளிக்கொண்டே வருகிறது. பேரல் நீண்டால் தள்ளும் தூரமும் நீளும். மெதுவாக எரியும் மருந்தை நிறைய அடைத்த பெரிய வேட்டைத் தோட்டாக்களில் இது நன்றாகவே தெரியும். அங்குலத்துக்கு வினாடிக்கு 20 முதல் 50 அடி வரை வேகம் கூடும் என்பது அந்த வட்டாரத்தில் புழங்கும் மேலோட்டமான கணக்கு. 300 மீட்டர், 400 மீட்டருக்குச் சுடுகிறவர்களுக்கு அது தோட்டாவின் பாதையைச் சற்று நேராக்கித் தருகிறது. வாயில் வெடிக்கும் சத்தமும் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போகும். வீடியோக்காரர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் .22 தோட்டாவில் மருந்து ஒரு சிட்டிகைதான். 16, 18 அங்குலத்துக்குள் அதன் தள்ளல் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் உராய்வுதான் மிச்சம், மிக நீண்ட பேரலில் வேகம் குறையவும் செய்யும். அப்படியிருந்தும் 50 மீட்டர் போட்டிக்கான பழைய மேட்ச் ரைஃபிள்களில் 660, 690 மி.மீ. பேரல் பார்க்கலாம். அது வேகத்துக்காக அல்ல. அந்தப் போட்டித் தோட்டாவை வேண்டுமென்றேதான் ஒலியின் வேகத்துக்குக் கீழே, வினாடிக்கு 330 மீட்டர் போல, வைத்திருக்கிறார்கள். ஒலித் தடையைக் கடந்து மீண்டும் கீழிறங்கும் தோட்டா வழியில் தடுமாறும்.

ஏர் ரைஃபிளில் வேகத்துக்கு இடமே இல்லை. அரை கிராம் பெல்லட், வினாடிக்கு 170, 175 மீட்டர், அவ்வளவுதான். ரெகுலேட்டர் எவ்வளவு காற்றை விடுகிறதோ அதுதான் வேகம். பேரல் நீண்டால் அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த காற்று போதும், சிலிண்டர் நாலு ஷாட் கூட வரும். இலக்குத் தாளுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்பிரிங் ரைஃபிளில் நிலைமை இன்னும் வேடிக்கை: 20, 25 செ.மீ.க்குள் பெல்லட் வாங்க வேண்டிய வேகத்தை வாங்கிவிடும். மீதிப் பேரல், ஸ்பிரிங்கை அழுத்த அதை மடக்கும்போது நெம்புகோலாக உதவுகிறது. எங்கள் மாணவி முதல் எட்டு மாதம் மடக்கிய அந்தப் பழைய ரைஃபிளின் பேரல் நீளமாக இருந்ததால்தான் அவள் கை வலியில்லாமல் தப்பித்தது.

இரண்டாவது, சைட்டுகளுக்கு இடையிலான தூரம். இங்கேதான் நீளம் உண்மையாகவே சம்பாதித்துக் கொடுக்கிறது. முன் சைட் பின் சைட்டின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இடைவெளி 650 மி.மீ. என்றால் 10 மீட்டரில் அடி 1.54 மி.மீ. தள்ளி விழும். 820 மி.மீ. என்றால் 1.22 மி.மீ. மட்டும். சரியாக நடுவில் விழுந்தால் 10.9, அங்கிருந்து தசமப் புள்ளி ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. என்பதால் முதலாவது 10.3, இரண்டாவது 10.5. தலைமுடி அளவு பிழைக்கு இரண்டு தசமம். 60 ஷாட்டில் இது சும்மா விடும் விஷயமில்லை. 10ஆவது வளையத்தின் விட்டமே அரை மி.மீ.தான், பேனா வைத்த புள்ளி போல இருக்கும்.

இந்த லாபத்துக்குப் பேரல் நீள வேண்டியதில்லை. வாயில் ஒரு வெற்றுக் குழாயை மாட்டி, அதன் நுனியில் முன் சைட்டை வைத்தால் போதும். இப்போதைய மேட்ச் ரைஃபிள்கள் பலவற்றில் பார்ப்பதற்கு நீளமாக இருப்பதில் பெரும்பகுதி இந்தக் குழாய்தான், உள்ளே பேரல் குட்டை. பெல்லட் சீக்கிரம் வெளியேறிவிடும், பெல்லட் உள்ளே இருக்கும் நேரத்தில் கை ஆடினால் வரும் சேதம் குறையும். 420 மி.மீ. பேரலிலேயே பெல்லட் மூன்று, நான்கு மில்லி வினாடி இருக்கிறது. ட்ரிகர் விட்டதும் தலையைத் தூக்காதே என்று நாங்கள் கத்துவது அந்த மூன்று மில்லி வினாடிக்காகத்தான்.

மூன்றாவது, எடை முன்னால் போவது. நீண்ட துப்பாக்கியின் வாய் மெதுவாக ஆடும். துடைப்பத்தை நுனியில் பிடித்து நிறுத்துவதற்கும் பென்சிலை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம். பலம் இருப்பவருக்கு அது வரம். இல்லாதவருக்கு என்ன என்பது இந்த ஆய்வில் வரும்.

## குழாய்

அடுத்த வாரமே அப்பா ஒரு குழாயைக் கடைந்து கொண்டுவந்தார். வேலைப்பாடு பார்க்க அழகு. வெளிவிட்டம் 22 மி.மீ., உள்ளே 8 மி.மீ. துளை, பேரல் உறையின் மேல் 50 மி.மீ. ஏறி இரண்டு ஸ்க்ரூவில் இறுகும், வாய்க்கு வெளியே 170 மி.மீ. நீளும். மேலே முன் சைட் உட்கார 11 மி.மீ. தண்டவாளம். பட்டறையில் கிடந்த எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு, ராடு. எடை போட்டால் 600 கிராம்.

துளை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “ரெண்டு பக்கமும் டிரில் விட்டு நடுவுல சேத்துட்டேன் மாஸ்டர்” என்றார். லேத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள். நான் யோசிக்கவில்லை. ரூல் புத்தகத்தையும் திறக்கவில்லை. 5.3 கிலோதானே, 5.5 வரை அனுமதி உண்டே என்று எடையை மட்டும் மனதில் கூட்டிப் பார்த்துவிட்டு மாட்டச் சொன்னேன். முன் சைட்டின் உள்ளே, இலக்கின் கருப்பு வட்டத்தை நடுவில் வைத்துப் பார்க்கும் 3.4 மி.மீ. வளையத்தையும் மாற்றவில்லை.

சைட் திருத்தி முதல் பத்து ஷாட் சுட்டாள். ஒன்பது பிரமாதம். ஒன்று 8.1. புதுசு, பழகிவிடும் என்றோம்.

## மூன்று வாரம் பார்த்தது

பழகவில்லை. முதல் இருபது ஷாட் வரை வாய் முன்னைவிட அமைதியாக நிற்கும். அதை எல்லோரும் பார்த்தோம், அவளும் சொன்னாள். நாற்பதாவது ஷாட் நெருங்கும்போது இடுப்புக்கு மேலே பின்னால் வளைந்து, துப்பாக்கியை முதுகால் தூக்கி நிறுத்த ஆரம்பித்துவிடுவாள். 600 கிராம் என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் அது தாங்கும் கைக்கு அரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. கையிலிருந்து 10 செ.மீ. தள்ளி 3 கிலோ கட்டிவிட்டதற்குச் சமம். 43 கிலோ உடம்பு அதை 75 நிமிடம் சுமக்கிறது. மூன்றாம் வாரம் இரவில் முதுகு வலிக்கிறது என்று அம்மா போன் செய்தார்.

கண்ணிலும் கோளாறு. ஒரு நாள் பாதியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “வெள்ளையே தெரிய மாட்டேங்குது சார், கருப்பு வளையத்துல ஒட்டிக்குது” என்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஜூன், ஜூலை வெக்கையில் ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வழியும்போது யாருக்கும் கண் கலங்கும் என்பது என் சமாதானம்.

எல்லாவற்றையும்விட உறுத்தியது இடையிடையே ஓடிப்போகும் ஷாட்கள். பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு 7, 8க்குப் போய்விடும். ஒருமுறை வலது, ஒருமுறை கீழ் வலது. அறுபது ஷாட்டுக்கு 596, 600 என்று எடுத்துக்கொண்டிருந்தவள் 585க்கு இறங்கினாள். ட்ரிகரைப் பிடுங்குகிறாய், ஷாட் போன பிறகு நிற்பதில்லை, மனசு எங்கேயோ இருக்கிறது என்று மூன்று வாரமும் அவளைத்தான் சொன்னோம். பரீட்சை ரிசல்ட் பயமா என்றுகூடக் கேட்டோம்.

எங்கள் ரேஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. ஷாட் விட்டதும், திரையைப் பார்க்கும் முன், எங்கே விழுந்திருக்கும் என்று சுடுபவர் தானே நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் உண்மையான புள்ளி. அவள் நோட்டில் அந்த ஓடிப்போன ஷாட்களுக்கு எதிரே 10.2, 10.4, 10.1 என்றுதான் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் 7.8க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், “நான் சரியாத்தான் விட்டேன்.” அதை நான் அப்போதே படித்தேன். படித்துவிட்டுச் சாக்கு என்று நினைத்தேன்.

## போட்டி நாள்

ஆகஸ்டில் ஒரு போட்டி. துப்பாக்கிப் பரிசோதனை மேசையில் எடை சரி, ட்ரிகர் சரி. பிறகு நீளம் அளந்தார்கள். ஏர் ரைஃபிளின் இயங்கு பகுதியின் பின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வாய் நுனி வரை 850 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எங்களுடையது 870. மேசையில் இருந்தவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை, ஸ்கேலைத் திருப்பி எனக்குக் காட்டினார். அவ்வளவுதான்.

அங்கேயே குழாயைக் கழற்றி, முன் சைட்டைப் பழைய இடத்தில் மாட்டினோம். அப்பா ஓரமாக நின்று குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். கடற்காற்றில் அது மூன்று வாரத்திலேயே துரு பிடித்து, கைக்குட்டையில் பழுப்புக் கறை. சைட் திருத்த பயிற்சி நேரம் 15 நிமிடம் மட்டும். இன்றைக்கு அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் 601.7 எடுத்தாள். அறுபது ஷாட்டில் 9க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து ஜாக்கெட் பட்டனைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “சார், இன்னிக்கு ஏன் ஒண்ணுகூட ஓடல?”

பதினைந்து வயதுப் பிள்ளை கேட்ட பிறகுதான் எனக்குக் குழாயின் மேல் சந்தேகம் வந்தது.

## ஈயக் கோடு

மறுநாள் ரைஃபிளை மணல் மூட்டையில் அழுத்தி வைத்து, ஆள் கை படாத அளவுக்கு நிறுத்தி, குழாய் இல்லாமல் பத்து, குழாயோடு பத்து சுட்டோம். பெல்லட் ஒரே டப்பா. குழாய் இல்லாத பத்தும் ஒரே கிழிசல் ஓட்டையில். குழாயோடு சுட்ட பத்தில் எட்டு ஒன்றாக, இரண்டு தனியாக வலப்பக்கம்.

குழாயைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் ஒரு பிறை தெரிந்தது. இரண்டு பக்கமிருந்து வந்த துளைகள் நேருக்கு நேர் சந்திக்கவில்லை, ஒன்று ஓரமாக ஒதுங்கி மெல்லிய படி ஒன்று நின்றது. காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுற்றியெடுத்தேன். ஒரு பக்கம் வெள்ளை. மறு பக்கம் பளபளக்கும் சாம்பல் நிறம். ஈயம். பெல்லட் போகிற போக்கில் உரசிவிட்டுப் போயிருக்கிறது.

அப்பாவை வரச்சொல்லிக் காட்டியபோது பார்த்த மாத்திரத்தில் அவரே சொன்னார்: “டிரில் ஓடிடுச்சி மாஸ்டர்.” 8 மி.மீ. டிரில்லை அந்த நீளத்துக்கு விட்டால் நுனி தன் போக்கில் வளையும் என்பது அவருக்குத் தெரியாததா. படகு ஷாஃப்ட்டில் அந்த வழுவல் ஒரு பொருட்டில்லை. இங்கே 4.5 மி.மீ. பெல்லட்டுக்கு இரு பக்கமும் 1.75 மி.மீ.தான் இடம். துளை நேராகவே இருந்தாலும் குழாய் அரை டிகிரிக்குச் சற்று மேலே சாய்ந்தால் நுனியில் இடித்துவிடும். இரண்டு ஸ்க்ரூவில் இறுக்குகிற ஒரு குழாய் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரில் உட்காரும் என்று எதிர்பார்த்ததே தப்பு.

அன்று மாலை நோட்டை எடுத்து, மூன்று வாரத்தில் ஓடிப்போன ஷாட்களை ஒவ்வொன்றாக அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் கணித்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய எப்போதும் ஒரே திசையில், வலதும் கீழுமாக. ட்ரிகரைப் பிடுங்குகிறவர் தன் ஷாட் கெட்டதைத் தானே உணர்வார், கணிப்பும் கெட்டிருக்கும். அவள் கணிப்பு கெடவே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றாள், நோட்டை மூடாமலே.

## எடுத்த முடிவுகள்

குழாயே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்பது ஒரு யோசனை. முதன்மைப் பயிற்சியாளர் அதைத்தான் விரும்பினார். நான் ஒப்பவில்லை. முதல் இருபது ஷாட்டில் கண்ணால் பார்த்த அமைதியும் சைட் இடைவெளிக் கணக்கும் பொய்யில்லை. கெடுத்தது நீளமல்ல, அந்த நீளத்தைச் செய்த விதம். வேறொரு ஆள் மலிவு விலைக்கு நீண்ட பேரலே கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். அதை உடனே தள்ளினோம். பேரல் மாறினால் ரெகுலேட்டர் அமைப்பு, பெல்லட் பொருத்தம் எல்லாம் முதலிலிருந்து. 10 மீட்டரில் அதற்குக் கிடைக்கும் லாபம் எதுவுமில்லை.

எவ்வளவு நீளம் என்பதில்தான் வெகுநேரம் பேசினோம். விதி 150 மி.மீ. வரை கூட்ட இடம் தருகிறது. அப்பா 145 கேட்டார். அவளை நிற்கவைத்து, உறையின் நுனியில் பிளாஸ்டிக் பையில் நட்டு, போல்ட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, பெல்லட் போடாமல் வெற்று ட்ரிகர் பயிற்சி செய்யச் சொன்னோம். 300 கிராமில் அரை மணியில் முதுகு வளைந்தது. 100 கிராமில் ஒரு மணி நேரம் தாங்கினாள். ஆகவே எடையை முதலில் முடிவு செய்து, அதற்குள் எவ்வளவு நீளம் வருமோ அதை எடுத்துக்கொண்டோம்: வாய்க்கு வெளியே 90 மி.மீ., கம்பெனியில் இழுத்த அலுமினியப் பைப், உள்விட்டம் 14. துளை போடும் வேலையே இல்லை, உறையில் ஏறும் பகுதியை மட்டும் உள்ளே கடைய வேண்டும். பெல்லட்டுக்கு இரு பக்கமும் 4.75 மி.மீ. இடம். உள்ளே எந்தத் தடுப்பும் கிடையாது, பக்கவாட்டில் ஓட்டையும் கிடையாது. இரண்டுமே விதிப்படி கூடாதவை. ஸ்க்ரூவுக்குப் பதில் முழுச் சுற்றும் கவ்வும் கிளாம்ப். எடை 100 கிராம்.

இடைவெளி 740 மி.மீ. ஆனது. அதே 0.1 மி.மீ. பிழைக்கு 1.35 மி.மீ., அதாவது 10.4. முழு நீளத்தில் கிடைத்திருக்கக்கூடிய இரண்டு தசமத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தோம்.

வளையத்தையும் இந்த முறை கணக்குப் போட்டோம். முன் சைட் தள்ளிப் போகப் போக அதே வளையம் கண்ணுக்குச் சின்னதாகிவிடும். இலக்கின் கருப்பு 30.5 மி.மீ. ஆரம்பத்தில் 3.4 வளையம் கண்ணிலிருந்து 700 மி.மீ. தூரத்தில் இருந்தபோது கருப்பைச் சுற்றி, இலக்கின் அளவில் சொன்னால், 9 மி.மீ. வெள்ளை தெரிந்தது. 870க்குத் தள்ளியதும் அது 4 மி.மீ. சொச்சம், பாதிக்கும் கீழே. “வெள்ளையே தெரிய மாட்டேங்குது” என்று அவள் சொன்னது அதுதான். என் தண்ணீர் வைத்தியம் பலிக்காததில் ஆச்சரியமில்லை. புது நீளத்துக்கு 3.8 வளையம் போட்டதும் வெள்ளை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

## அதன் பிறகு

புதுக் குழாயை மாட்டும் முன்னும் பின்னும் மணல் மூட்டையில் பத்து பத்து. இரண்டு ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே அளவு. ஒவ்வொரு நூறு ஷாட்டுக்கும் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தோம். வெள்ளையாகவே வந்தது.

முதல் இரண்டு வாரம் ஸ்கோர் ஏறவில்லை, 600ஐச் சுற்றியே நின்றது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு 604, 606 என்று நகர்ந்து, நவம்பரில் ரேஞ்சுக்குள் வைத்த தேர்வில் 609.3. இதில் குழாயின் பங்கு எவ்வளவு, சரியான வளையத்தின் பங்கு எவ்வளவு, தன்னை யாரும் குறை சொல்லாததால் வந்த தெம்பு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் இந்த ஆய்வுக்கு மதிப்பு கூடியிருக்கும், அவளுக்கு ஒரு பருவம் போயிருக்கும்.

முதுகு வலி நின்றது. கடைசி இருபது ஷாட்டின் சராசரி முதல் இருபதுக்கு நெருங்கி வந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

## இனி மாற்றிக்கொள்வது

துப்பாக்கியில் எதை மாட்டும் முன்னும் ரூல் புத்தகம், அளவு நாடா, மணல் மூட்டை மூன்றும் வர வேண்டும் என்று லேன் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். மணல் மூட்டைச் சோதனைக்கு இருபது நிமிடம் போதும். அதைச் செய்யாததால் மூன்று வாரம் ஒரு பிள்ளையைத் திட்டினோம்.

கணிப்பு நோட்டைப் பயிற்சியாளர்கள் வாரம் ஒருமுறை தாங்களே படிக்கிறோம். கணிப்பு நன்றாக இருந்து அடி மட்டும் விலகினால் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பது, பிறகு பெல்லட், கடைசியில் ஆள். முன்பு தலைகீழாக இருந்தது.

பெற்றோர் நீளம் வேண்டும் என்று வந்தால், வேகத்துக்கா, சைட் இடைவெளிக்கா, நிலைத்து நிற்பதற்கா என்று இப்போது திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதையும், கடலூர் மண்ணில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைகளில் நிற்பதையும் காட்டி, அவர்கள் துப்பாக்கி இவ்வளவு நீளம் இருக்கிறதே என்பார்கள். அந்த உடம்புகள் எத்தனை வருடம் எவ்வளவு எடையைச் சுமந்து பழகியவை என்பது போட்டோவில் தெரியாது. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குப் பதில் நட்டு, போல்ட்டுப் பையை எடுத்துப் பிள்ளையின் துப்பாக்கி நுனியில் கட்டிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த இரும்புக் குழாய் இப்போது கொருக்குப்பேட்டைப் பட்டறையில் டிரில் பிட்டுகள் போட்டுவைக்கும் கூடாக இருக்கிறது. மாணவி ஒரு வருடத்தில் நான்கு செ.மீ. வளர்ந்திருக்கிறாள். போன வாரம் அப்பா மறுபடி வந்தார், கையில் வெர்னியரோடு. “இன்னொரு முப்பது மில்லி கூட்டலாமா மாஸ்டர்? 850க்கு 820தானே வருது?” கணக்கு அவரே போட்டிருந்தார். வளையம் 4.0 ஆகும் என்பதையும் சேர்த்து. பையில் 150 கிராம் போட்டு அவளைத் தினமும் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறோம். வெட்டுவதா, விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.